முழங்காலுக்குக் கீழே ஒரு புதர்

தம்பி,

அமெரிக்காவின் நெவாடா மாநிலத்து ரினோவுக்கு வந்து நான்கு மாதமாகியும் கண்ணில் பச்சையே படவில்லை என்கிறீர்கள். வீட்டுக்குப் பின்னால் முழங்கால்கூட எட்டாத சாம்பல் நிறப் புதர்கள் வறட்சியில் குன்றிக் கிடக்கின்றன, பிடுங்கிவிட்டுப் பழமரம் வைக்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். பதினெட்டு ஆண்டுகளுக்கு முன் எனக்கும் இதே ஆசைதான்.

அது குன்றிய செடி அல்ல. அதன் முழு வளர்த்தியே அவ்வளவுதான். இங்கே 'லோ சேஜ்பிரஷ்' என்பார்கள், தாவரவியலில் ஆர்ட்டிமீசியா அர்பஸ்குலா. அரை மீட்டரைத் தாண்டுவது அபூர்வம். ஓடைக்கரைப் பக்கம் ஆள் உயரத்துக்கு நிற்பது பெரிய சேஜ்பிரஷ், அது வேறு இனம். இரண்டுக்கும் இலை நுனியில் மூன்று பல் இருப்பதால்தான் குழப்பம்.

ஓர் இலையைக் கசக்கி முகர்ந்து பாருங்கள். மரிக்கொழுந்து நினைவுக்கு வரும். அதுவும் இதே ஆர்ட்டிமீசியா பேரினம்தான். ஆனால் அந்த இனிமை இதில் கிடையாது, கற்பூர நெடியும் கசப்பும் தூக்கல். பெயரில் 'சேஜ்' என்ற சமையல் மூலிகை இருக்கிறதே என்று நம்பி ஒருமுறை சூப்பில் கிள்ளிப் போட்டுவிட்டேன். வீட்டில் இன்றும் அதைச் சொல்லிக்காட்டுகிறார்கள். சமையல் சேஜ் துளசிக் குடும்பம், இது சாமந்திக் குடும்பம். இந்தக் கசப்பையே குளிர்காலம் முழுவதும் தின்று உயிர் வாழும் ஒரு பறவையும் உண்டு, சேஜ் கிரவுஸ். வடக்கே ஷெல்டன் சரணாலயத்துப் பக்கம் போனால் பார்க்கலாம்.

இனி மண்ணுக்கு வருகிறேன். நானும் இந்தப் புதரைப் பிடுங்கிய இடத்தில்தான் பிளம் கன்று வைத்தேன். ஒரு சாண் தோண்டியதும் மண்வெட்டி 'ணங்' என்றது. கல் என்று நினைத்தேன், இறுகிப்போன களிமண். கடப்பாரையால் குத்தி எப்படியோ ஒரு குழி எடுத்தேன். மார்ச்சில் பனி உருகியதும் அந்தக் குழி தொட்டிபோல நிரம்பி நின்றது, தண்ணீர் இறங்கவே இல்லை. கன்று வேர் அழுகிச் செத்தது. ஆண்டுக்கு 20 செ.மீ. மழைகூடப் பெய்யாத ஊரில் என் மரம் தண்ணீரில் மூழ்கிச் செத்தது என்றால் யார் நம்புவார்கள்! பெரிய சேஜ்பிரஷ் ஆழமான, நீர் வடியும் மண்ணைத் தேடும். குட்டையானதோ வசந்தத்தில் சேறாகி ஆடியில் பாளம் பாளமாக வெடிக்கும் இந்த மேலோட்டமான மண்ணையும் தாங்கும். இலைமேல் படர்ந்த நுண்ரோமங்கள்தான் அந்தச் சாம்பல் நிறம். வெயிலைத் திருப்பி விடுவதும் ஈரத்தைக் காப்பதும் அவைதாம்.

ஆகவே பிடுங்காதீர்கள். தீயில் கருகினால் அடியிலிருந்து துளிர்க்காத செடி இது. விதையிலிருந்துதான் மீள வேண்டும், அதற்குப் பல ஆண்டுகள் ஆகும். பிடுங்க வேண்டியது இடையில் முளைக்கும் சீட்கிராஸ் புல்லை. கோடைத் தொடக்கத்திலேயே காய்ந்து, புதருக்குப் புதர் தீயைக் கடத்துவது அதுதான். பச்சையாக இருக்கும்போதே, விதை கட்டுவதற்குள் எடுத்துவிடுங்கள்.

கோடை முடிவில் இது பூக்கும், மகரந்தம் காற்றில் பரவும். தும்மல்காரர் என்றால் மாத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

பழமரத்துக்கு, உங்கள் மனையில் இடுப்பளவுக்கு மேல் சேஜ்பிரஷ் நிற்கும் மூலை ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். அங்கே இரண்டடி தோண்டி, தண்ணீர் ஊற்றி, மறுநாள் காலையில் போய்ப் பாருங்கள். வற்றியிருந்தால் கன்று வாங்கலாம். என் கடப்பாரை சும்மாதான் கிடக்கிறது, வந்து எடுத்துக்கொள்ளுங்கள்.