வட்ட ஜன்னலுக்குக் கடன் வாங்கலாமா?

கேள்வி: சிங்கப்பூரின் தெங்காவில், அரசு வீடமைப்பில் முன்பதிவு செய்து வாங்கிய எங்கள் பிடிஓ வீட்டுக்குச் சாவி கிடைத்துவிட்டது. புதுப்பிப்புப் பணிக்கு 36,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) ஆகும், அதில் 25,000 வங்கிக் கடன். கையிருப்பு 17,000, மாதச் செலவு 3,000. வரவேற்பறையில் வண்ணக் கண்ணாடி பதித்த வட்ட ஜன்னல் வேண்டும் என்பது மனைவியின் ஆசை. குத்தகையாளர் (வேலையை ஒப்பந்தத்தில் எடுத்துச் செய்பவர்) 4,800 வெள்ளி சொல்கிறார். இந்த வாரமே பாதி முன்பணம் தந்தால்தான் இந்த விலையாம். கடனோடு சேர்த்துவிடலாமா, மத்திய சேம நிதியிலிருந்து எடுக்கலாமா?

பதில்: சேம நிதியை விட்டுவிடுங்கள். அதிலுள்ள சாதாரணக் கணக்குப் பணத்தில் வீடு வாங்கலாம், வீட்டுக் கடன் கட்டலாம். புதுப்பிப்புக்கு அதைத் தொட முடியாது.

கடனுக்கு முன்னால் ஒரு கேள்வி: ஜன்னல் எந்தச் சுவரில்? வெளிச்சுவர் என்றால் பேச்சு அங்கேயே முடிந்தது. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) கட்டடத்தின் வெளித்தோற்றத்தை நம் இஷ்டத்துக்கு மாற்ற முடியாது. வீட்டுக்குள் அவசர காலத்தில் ஒதுங்குவதற்காக இருக்கும் பாதுகாப்பு அறையின் சுவரிலும் கைவைக்கக் கூடாது. அறைகளுக்கு இடையிலான தடுப்புச் சுவர் என்றால் வழி உண்டு. ஆனால் உடைப்பதற்கு முன் வீவக அனுமதி வேண்டும், வேலை செய்பவரும் வீவக பட்டியலில் உள்ள குத்தகையாளராக இருக்க வேண்டும். அந்த அனுமதி கையில் வராமல் முன்பணமா? கூடவே கூடாது. "இந்த வாரம் மட்டும்" என்று அவசரப்படுத்துபவரிடம் அனுமதிக்கு விண்ணப்பித்தாரா என்று கேளுங்கள், பதிலிலேயே தெரிந்துவிடும்.

சரி, விலைக்கு வருவோம். வட்டம் என்றாலே கூடுதல் செலவு. சதுரக் கண்ணாடியிலிருந்து வட்டம் வெட்டினால் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் மூலைகளில் வீணாகும். அலுமினியச் சட்டத்தை வளைப்பதற்குத் தனிக் கூலி. கெட்டிப்படுத்திய கண்ணாடியை அப்புறம் வெட்ட முடியாது, அளவு பிசகினால் புதிதாகத்தான் செய்ய வேண்டும். அந்தச் செலவு யாருடையது என்பதை விலைப்பட்டியலில் எழுதி வாங்குங்கள். 4,800-இல் ஜிஎஸ்டி சேர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். சேரவில்லை என்றால் 9% கூடி 5,232 ஆகிவிடும்.

அதை 25,000-உடன் சேர்த்தால் 30,232. வங்கிகள் புதுப்பிப்புக் கடனாகப் பொதுவாக 30,000-க்கு மேல் தருவதில்லை, சம்பளத்தைப் பொறுத்து அதுவும் குறையலாம். ஒருவேளை கிடைத்தாலும், 5% வட்டியில் ஐந்தாண்டு கட்டினால் ஜன்னலுக்கு மட்டும் வட்டி சுமார் 690 வெள்ளி.

ரொக்கமாகக் கொடுக்கலாமே என்பீர்கள். கடன் போக மிச்சம் 11,000 உங்கள் கையிலிருந்துதான் போகும். எஞ்சுவது 6,000, அதாவது இரண்டு மாதச் செலவு. அதிலும் 5,232 போனால் எட்டு நாள் செலவுக்குக்கூடத் தேறாது. அந்த நிலையில் ஒருவருக்கு வேலை போனால் ஜன்னலை விற்றுச் சாப்பிட முடியாது! பின்னாளில் வீட்டை விற்கும்போது ஜன்னலுக்காக யாரும் கூடுதலாகத் தருவார்கள் என்றும் கணக்குப் போடாதீர்கள்.

மனைவியின் ஆசையைக் குறை சொல்லவில்லை, எனக்கும் வண்ணக் கண்ணாடி பிடிக்கும். புதுப்பிப்பில் புதிதாகத் தடுப்பு ஏதாவது எழுப்புகிறீர்களா? அப்படியானால் கட்டும்போதே வட்டத் திறப்பு மட்டும் விடச் சொல்லுங்கள், பிறகு உடைக்கும் வேலை இருக்காது. கண்ணாடிக்கு மாதம் 300 வெள்ளி ஒதுக்கினால் ஒன்றரை ஆண்டில் கடனில்லாமல் வாங்கலாம். அதற்கு முன் கையிருப்பை 9,000-ஆக, மூன்று மாதச் செலவாக, ஏற்றிவிடுங்கள். இப்போதைக்குக் குத்தகையாளரிடம் திறப்புக்கு மட்டும் தனி விலை கேளுங்கள்.