பழைய பென்ஸா, புது வெர்னாவா? செடான் கேள்விகளும் பதில்களும்

முகூர்த்த மாதம் நெருங்கினால் காரைக்குடிப் பக்கம் எனக்கு வரும் கேள்வி ஒன்றுதான். கையில் இருபது லட்சம் இருக்கிறது, ஓடிய சொகுசு செடான் எடுக்கலாமா, புதுசாக ஒரு நடுத்தர செடான் எடுக்கலாமா? ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி மாளவில்லை, அதனால் இன்று மொத்தமாகக் கேட்டுவிடுங்கள். ஜெர்மன் வண்டிகளைப் பிரித்துக் கோத்துப் பழகிய கை இது. கடன் வட்டி, ராசியான நம்பர், எந்தக் கிழமை டெலிவரி எடுப்பது இதெல்லாம் என் துறை இல்லை.

தேவகோட்டை: 2017 பென்ஸ் சி220டி, ஒரே கை, 62,000 கிலோமீட்டர், 19 லட்சம் சொல்கிறார்கள். அதே பணத்துக்கு ஹூண்டாய் வெர்னா டர்போ புதுசாக வருகிறது. சென்னையில் இருக்கிறேன், மாதம் ஒரு தடவை ஊருக்கு வருவேன். வீட்டில் நான்கு பேர். எது நல்லது?

பதில்: அண்ணே, உங்கள் ஓட்டத்துக்குப் பென்ஸ் பொருந்தும். போக வர எண்ணூறு கிலோமீட்டருக்கு மேல், பெரும்பாலும் நான்கு வழிச் சாலை. அந்த டீசல் எஞ்சின் அதற்காகவே செய்தது. திருச்சி தாண்டியும் முதுகு வலிக்காது.

ஆனால் ஒன்றை மனதில் வைத்துக்கொண்டு பேரம் பேசுங்கள். வண்டியின் விலைதான் இறங்கியிருக்கிறது, பாகங்களின் விலை இறங்கவில்லை. அது புதிதில் நாற்பது லட்சத்துப் பக்கம் விற்ற வண்டி. ஹெட்லைட், ஷாக் அப்சார்பர், டர்போ, இன்ஜெக்டர் எல்லாம் இன்றும் அந்த விலை வண்டிக்கு உள்ள பாகங்கள்தான். அதனால் இருபது லட்சம் வைத்திருப்பவர் இருபது லட்சத்துக்கு வண்டி வாங்கக் கூடாது. பதினாறுக்கு வாங்கி, நான்கைத் தனியாக வங்கியில் போட்டுவையுங்கள். முதல் இரண்டு வருடத்தில் அதைத் தொடாமல் ஓட்டினால் உங்கள் அதிர்ஷ்டம்.

62,000 என்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள். மீட்டரைக் குறைப்பது இன்று பெரிய வித்தை இல்லை. கம்பெனி சர்வீஸ் பதிவைத் தேதி வாரியாகக் கேட்டு வாங்குங்கள். கியர் ஆயில் மாற்றிய பில் இருக்கிறதா? 'ஆயுளுக்கும் மாற்ற வேண்டாம்' என்று விற்பவர் சொன்னால், மாற்றவே இல்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு வண்டியின் கம்ப்யூட்டரில் பதிந்த கோளாறுகளைப் படிக்கும் ஸ்கேனர் போட்டு எல்லா மாட்யூலையும், அதாவது கியர், பிரேக் என்று தனித்தனியாக உள்ள கம்ப்யூட்டர்களையும், படிக்கச் சொல்லுங்கள். எஞ்சினை மட்டும் படித்துவிட்டு 'சுத்தம்' என்று சொன்னால் போதாது.

சர்வீஸ் பதிவு இல்லையா, வண்டியும் வேண்டாம். இதை இன்று பலமுறை சொல்லப்போகிறேன்.

கோட்டையூர் ஆச்சி: எனக்கு முட்டி வலி. பிள்ளையார்பட்டி, குன்றக்குடி, அப்புறம் கல்யாண வீடுகள், அவ்வளவுதான் ஓட்டம். சிங்கப்பூரில் இருக்கும் மகன் பழைய பி.எம்.டபிள்யூ டீசல் எடுக்கச் சொல்கிறான்.

பதில்: வேண்டாம் ஆச்சி. மகனிடம் நான் சொன்னதாகவே சொல்லுங்கள்.

முதலில் ஓட்டம். கோட்டையூரிலிருந்து பிள்ளையார்பட்டி போய்ச் சேர்வதற்குள் டீசல் எஞ்சின் ஒழுங்காகச் சூடேறியிருக்காது. பிஎஸ்6 என்னும் புதிய புகை விதிப்படி செய்த டீசல் வண்டியில் புகைக் கரியைப் பிடிக்கும் வடிகட்டி ஒன்று உண்டு. சேர்ந்த கரியை எரித்துத் தள்ள அதற்கு நீண்ட, சீரான ஓட்டம் வேண்டும். கோயிலுக்கும் வீட்டுக்குமாகவே ஓடினால் அடைத்துக்கொள்ளும், விளக்கு எரியும், மதுரைக்கு ஏற்றி அனுப்ப வேண்டிவரும்.

அடுத்து டயர். பல பி.எம்.டபிள்யூவில் ஸ்டெப்னி கிடையாது, ரன்ஃப்ளாட் டயர்தான். காற்று போனபின் 80 வேகத்துக்கு மிகாமல் சுமார் 80 கிலோமீட்டர் ஓடலாம் என்பது கணக்கு. காரைக்குடியிலிருந்து மதுரை அதைவிடத் தூரம். ராத்திரி பத்து மணிக்குக் கல்யாண வீட்டிலிருந்து திரும்பும்போது நம் பஞ்சர் கடைக்காரர் அந்த டயரைத் தொடவே யோசிப்பார்.

மூன்றாவது உங்கள் வீட்டு வாசல். நம் பக்கத்து வீடுகள் தெருவிலிருந்து ஏறி நிற்பவை. வண்டிக்குப் போட்ட சரிவில் நீளமான, தாழ்ந்த வண்டி ஏறினால் வயிறு உரசும். சி கிளாஸின் இரண்டு அச்சுக்கும் நடுவே 2840 மில்லிமீட்டர், வெர்னாவுக்கு 2670. புது நடுத்தர செடான்களில் ஸ்கோடா ஸ்லாவியா, ஃபோக்ஸ்வேகன் விர்ட்டஸ் இரண்டும் தரையிலிருந்து 179 மில்லிமீட்டர் எழும்பி நிற்கின்றன. அவற்றில் ஒன்றை ஆட்டோமேட்டிக்காக எடுங்கள். ஆனால் ஷோரூமில் கதவைத் திறந்து பின்சீட்டில் நீங்களே நான்கு தடவை ஏறி இறங்கிப் பாருங்கள். முட்டி ஒத்துக்கொள்ளவில்லை என்றால் செடானே வேண்டாம், கொஞ்சம் உயரமான வண்டி பாருங்கள்.

புதுவயல்: 2013 பி.எம்.டபிள்யூ 320டி, எட்டு லட்சம். நண்பர்கள் எல்லோரும் விடாதே என்கிறார்கள்.

பதில்: தம்பி, அந்த வருடத்து 320டியில் இருப்பது என்47 எஞ்சின். அதன் டைமிங் செயின், அதாவது வால்வுகளை நேரத்துக்குத் திறந்து மூடவைக்கும் சங்கிலி, தேய்வது உலகமே அறிந்த கதை. செயின் எஞ்சினுக்குப் பின்பக்கம், கியர்பாக்ஸ் ஓரமாக இருக்கிறது. மாற்ற வேண்டுமென்றால் பெரிய பிரிப்பு வேலை. அறுந்தால் எஞ்சினே போச்சு. காலையில் குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பும்போது பின்பக்கம் உரசும் சத்தம் கேட்கிறதா பாருங்கள். செயின் மாற்றிய பில் இருந்தால் மேலே பேசலாம். விடாதே என்கிற நண்பர்கள் அந்தச் செலவில் பங்கு போடுவார்களா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

திருப்பத்தூர்: ஆடி ஏ4, 2016. நல்ல வண்டியா?

பதில்: தேவகோட்டைக்காரருக்குச் சொன்னதுதான். சர்வீஸ் பதிவு, ஸ்கேன், தனியாக வைத்த பணம்.

ராயவரம்: டெல்லி நம்பர் பென்ஸ், ஒன்பது வருட டீசல், இங்கே கேட்பதில் பாதி விலை. எப்படி இவ்வளவு மலிவு?

பதில்: டெல்லி வட்டாரத்தில் பத்து வருடம் தாண்டிய டீசல் ஓடக் கூடாது என்று 2015-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் போட்ட உத்தரவுதான் காரணம். அதனால் பத்தை நெருங்கும் வண்டியை அங்கே தள்ளிவிடுவது வழக்கமாகிவிட்டது. தமிழ்நாட்டில் அந்தத் தடை இல்லை. ஆனால் அங்கிருந்து தடையில்லாச் சான்று வர வேண்டும், இங்கே வயதுக்கேற்ற ஆயுள் வரியைத் திரும்பக் கட்ட வேண்டும், லாரியில் ஏற்றிவரும் கூலி வேறு. எல்லாவற்றையும் கூட்டினால் 'பாதி விலை' பாதியாக இருக்காது.

வெளியூர் வண்டி என்பதால் இதையும் சொல்கிறேன்: வெள்ளத்தில் நின்ற வண்டியா பாருங்கள். டெல்லி மட்டும் இல்லை, 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் சென்னையில் முங்கிய வண்டிகள் எங்கெங்கோ கைமாறிவிட்டன. சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுங்கள், அடியில் சேற்றுக் கோடு தெரியும். சீட் தண்டவாளத்தில் துருவைத் தேடுங்கள்.

பொன்னமராவதி: புது வண்டிதான் என்று முடிவு. சிட்டி, வெர்னா, ஸ்லாவியா, எது?

பதில்: நிம்மதியாகப் பத்து வருடம் ஓட்ட, டர்போ இல்லாத 1.5 பெட்ரோல் ஹோண்டா சிட்டி. இடமும் டிக்கியும் வேண்டுமென்றால் வெர்னா. அடித்தளமும் ஓட்டும் சுகமும் வேண்டுமென்றால் ஸ்லாவியா. அதிலும் 1.0 ஆட்டோமேட்டிக் எடுங்கள். 1.5-இல் வரும் இரட்டை க்ளட்ச் கியர்பாக்ஸ் ஆயிலில் நனையாத உலர் க்ளட்ச், நெரிசலில் ஊர்ந்தால் சூடாகும். ஸ்லாவியா, வெர்னா இரண்டும் 2023-இல் குளோபல் என்கேப் என்னும் மோதல் பாதுகாப்புச் சோதனையில் ஐந்து நட்சத்திரம் வாங்கியவை. விலை கேட்கும்போது பத்து லட்சத்துக்கு மேல் இருபது லட்சம் வரையிலான வண்டிக்குத் தமிழ்நாட்டில் ஆயுள் வரி 18 சதவீதம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். டீசல் கேட்காதீர்கள், இந்த வகுப்பில் புதுசாக டீசல் இப்போது இல்லை.

கானாடுகாத்தான்: வீடு வருடத்தில் பத்து மாதம் பூட்டித்தான் கிடக்கிறது. சொகுசு வண்டி ஒன்று வாங்கி ஊரிலேயே விட்டுவைக்க நினைக்கிறேன். காவல்காரர் வாரம் ஒருமுறை பத்து நிமிடம் ஸ்டார்ட் பண்ணி நிறுத்துவார். போதும்தானே?

பதில்: போதாது, அது கெடுதல். பத்து நிமிடம் நின்ற இடத்தில் ஓடினால் ஆயில் முழுச் சூட்டுக்கு வராது. எரிந்த பெட்ரோலின் ஈரம் ஆயிலிலும் சைலன்சரிலும் தங்கும். ஸ்டார்ட் பண்ண எடுத்த மின்சாரம்கூட பேட்டரிக்கு முழுசாகத் திரும்பாது. ஓட்டுவதென்றால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இருபது, முப்பது கிலோமீட்டர் ஓட்டச் சொல்லுங்கள். இல்லையென்றால் தொடவே வேண்டாம்.

பள்ளத்தூர்: மன்னிக்கவும். எங்கள் வளவில் அப்பச்சி காலத்து அம்பாசடர் நிற்கிறது. வாரம் ஒருமுறை ஸ்டார்ட் பண்ணித்தான் வைத்திருக்கிறோம், இன்றும் ஒரே கிக்கில் கிளம்புகிறது.

பதில்: கிளம்பும். அம்பாசடரில் நிறுத்திய பிறகு மின்சாரம் தின்ன என்ன இருக்கிறது? பென்ஸில் சாவியை எடுத்தபின்னும் அலாரம், சாவி உணரும் கருவி, கம்ப்யூட்டர்கள் எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சும். இரண்டு மாதம் நின்றால் பேட்டரி படுத்துவிடும். அது சாதாரண பேட்டரி இல்லை, ஏஜிஎம் என்னும் வகை, விலை அதிகம். பி.எம்.டபிள்யூவில் மாற்றினால் வண்டியின் கம்ப்யூட்டரில் பதிவுசெய்யவும் வேண்டும்.

பள்ளத்தூர்: பேட்டரி ஒயரைக் கழற்றி வைத்துவிட்டால்?

பதில்: கழற்றலாம். ஆனால் சில வண்டிகளில் திரும்ப மாட்டினால் கண்ணாடி, ஸ்டியரிங் உணரி எல்லாம் பழையபடி கற்றுக்கொள்ள வேண்டும். பேட்டரி வேறு டிக்கிக்குள் இருந்து, டிக்கி மின்சாரத்தில் திறப்பதாக இருந்தால் வேடிக்கைதான். அதைவிட, தானே நின்று தானே ஏற்றும் சிறிய சார்ஜரை மாட்டிவிடுங்கள். வீட்டு மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுப் போகிறவர்கள் அதற்கு ஒரு லைனை விட்டுவையுங்கள்.

கண்டனூர்: எலியைச் சொல்ல மறந்துவிட்டீர்களே! எங்கள் வண்டியில் ஒயரை எல்லாம் கடித்துவிட்டது. அந்துருண்டை போட்டும் கேட்கவில்லை.

பதில்: அந்துருண்டைக்கு எலி சிரிக்கும். முகப்பில் நெல் மூட்டையோ பழைய சாமானோ குவித்துவைத்துப் பக்கத்தில் வண்டியை நிறுத்தாதீர்கள். பானெட்டுக்கு அடியில் கம்பி வலை, கூடவே ஒரு எலிப்பொறி. நின்ற வண்டியை எடுப்பதற்கு முன்னால் பானெட்டைத் திறந்து டார்ச் அடித்துப் பாருங்கள். சொகுசு வண்டியில் ஒயர் கட்டு முழுசாக மாற்றும் செலவில் நல்ல ஸ்கூட்டரே வாங்கலாம்.

பள்ளத்தூர்: அப்போ அம்பாசடரையும் ஸ்டார்ட் பண்ண வேண்டாமா?

பதில்: ஓட்டுங்கள் என்கிறேன்! ஸ்டார்ட் பண்ணி நிறுத்தாதீர்கள், காரைக்குடி வரை ஒரு நடை ஓட்டுங்கள். நிறுத்தும்போது டயரில் ஐந்தாறு பவுண்டு காற்று கூட வையுங்கள், ஹேண்ட் பிரேக்கைப் போடாமல் சக்கரத்துக்கு மரக்கட்டை கொடுங்கள். பெட்ரோல் வண்டியானால் டேங்கில் பெட்ரோலை மாதக்கணக்கில் பழசாக விடாதீர்கள். இப்போது வருவது இருபது சதவீதம் எத்தனால், ஈரத்தை இழுக்கும். பழைய ஜெர்மன் பெட்ரோல் வண்டிகளில் பெட்ரோல் மூடியைத் திறந்து பாருங்கள், பலவற்றில் இ10, அதாவது பத்து சதவீதம் எத்தனால் வரைதான் எழுதியிருக்கும்.

கானாடுகாத்தான் அண்ணே, உங்களுக்கு முடிவாகச் சொல்கிறேன்: நின்றே கிடக்கப்போகும் வண்டி சாதாரண வண்டியாக இருக்கட்டும்.

நேமம்: பையன் கல்யாணத்துக்கு வாசலில் பென்ஸ் நிற்க வேண்டும் என்று வீட்டில் ஆசை. அதற்காக வாங்கலாமா?

பதில்: மூன்று நாள் வாடகைக்கு எடுங்கள்.

அரியக்குடி: பழைய காருக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டியாமே?

பதில்: ஜிஎஸ்டி பதிவுள்ள வியாபாரியின் லாபத்தின் மேல் மட்டும். தனி ஆளிடம் வாங்கினால் கிடையாது.

செக்காலை: ஜாகுவார் எக்ஸ்எஃப், 2015. விலை நன்றாக இருக்கிறது. நல்ல வண்டியா?

பதில்: சர்வீஸ் பதிவு இருக்கிறதா என்று கேட்டீர்களா? கேட்காமல் என்னிடம் வந்தால் நான் என்ன சொல்வது?

காரைக்குடி: வண்டி பார்த்து அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன். பெயர் மாற்ற என்ன வேண்டும்?

பதில்: படிவம் 29, 30 இரண்டிலும் விற்பவர் கையெழுத்து. கடன் இருந்த வண்டி என்றால் வங்கிச் சான்றோடு படிவம் 35. வேறு மாநிலம் என்றால் தடையில்லாச் சான்றுக்குப் படிவம் 28. ஆர்சி உங்கள் பெயருக்கு வரும்வரை மொத்தப் பணத்தையும் கொடுக்காதீர்கள். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் ஸ்கேன் போட்டிருக்க வேண்டும். சரி, இனியாவது மீதியைக் கொடுப்பதற்குள் போட்டுவிடுங்கள்.

மானகிரி: 2018 பென்ஸ் சி220டி எடுக்கலாமா?

பதில்: மேலே முதல் பதில். நாளை ஒர்க்‌ஷாப் லீவு, திங்கட்கிழமை வண்டியையும் சர்வீஸ் பதிவையும் எடுத்துக்கொண்டு வாருங்கள்.