பிளஸ் டூ முடித்த மகள் ‘ஒரு வருடம் வெளிநாடு’ என்கிறாள்

அன்புள்ள அக்கா,

போன சனிக்கிழமை மகளைக் கூட்டிக்கொண்டு மார்த்தாண்டத்தில் என் அலுவலகத்துக்கு வந்தீர்கள். கிளம்பும்போது படியில் நின்று, அவள் காதில் விழாமல், “பிள்ளைக்கு படிப்பு நின்னு போச்சான்னு கோயில்ல வச்சே கேப்பாவ. நான் என்ன பதில் சொல்ல?” என்று கேட்டீர்கள். வெளியே அடுத்த ஆள் காத்திருந்ததால் அப்போது ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. அது மனதில் கிடந்து உறுத்துகிறது. இதே கேள்வியோடு இருக்கும் மற்ற பெற்றோருக்கும் உதவட்டும் என்று பெயர், ஊர் சொல்லாமல் எழுதுகிறேன்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவள் போகட்டும். ஆனால் இந்த வருடம் வேண்டாம், டிகிரி முடித்த பிறகு போகட்டும்.

அவள் கொண்டுவந்த நோட்டை நீங்கள் பிரித்துப் பார்த்திருக்க மாட்டீர்கள். நான் பார்த்தேன். பழைய கணக்கு நோட்டு. பின்பக்கத்தில் கையால் வரைந்த உலகப் படம். குளச்சலில் தொடங்கி கொழும்பு, தாய்லாந்து என்று போய் ஆஸ்திரேலியாவின் பவளப்பாறை வரை பச்சை மையில் ஒரு கோடு. ஒவ்வொரு ஊருக்குக் கீழேயும் விமானக் கட்டணம், தங்கும் செலவு, சாப்பாட்டுச் செலவு. தாய்லாந்துக்கு மட்டும் 30 நாளுக்குப் பதில் 3 நாளுக்குப் பெருக்கியிருந்தாள். நான் காட்டியதும் முகம் சிவந்து, அங்கேயே அழித்துத் திருத்தினாள். கூட்டுத்தொகை ஒன்றேகால் லட்சம் ஏறியது. “அப்போ இந்தோனேசியாவ எடுத்துரலாம் சார்” என்றாள். விளையாட்டாகக் கேட்கும் பிள்ளை இப்படிக் கணக்குப் போடாது. அவளுக்குக் கடலுக்கு அடியில் இறங்கிப் பவளப்பாறை பார்க்க வேண்டும், அதைப் படிக்க வேண்டும், அதிலேயே வேலை செய்ய வேண்டும். நல்ல ஆசை.

அவள் அப்பா 22 வயதில் பஹ்ரைனுக்குப் படகு வேலைக்குப் போனதாகச் சொன்னீர்கள். நம் மாவட்டத்துக் கடற்கரையில் இப்படிப் போகாத ஆள் இல்லாத தெரு உண்டா? அந்தப் பையன்களை யாரும் ஏன் என்று கேட்கவில்லை, குடும்பம் கரையேறட்டும் என்று வழியனுப்பினார்கள். பெண்பிள்ளை, அதுவும் சம்பாதிக்க இல்லாமல் பார்க்கவும் கற்றுக்கொள்ளவும் போகிறேன் என்னும்போது நமக்குப் பயம் வருகிறது. பயம் வரத்தான் செய்யும், அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பயத்தை வைத்து முடிவெடுக்க வேண்டாம். விசா விதிகளை வைத்து எடுப்போம்.

வெளிநாட்டில் ஒரு வருடம் தங்கி, ஊர் சுற்றி, செலவுக்குச் சட்டப்படி வேலையும் செய்ய இந்தியப் பிள்ளைகளுக்கு வாசல்கள் குறைவு. அவற்றில் பெரியவை இரண்டு.

ஒன்று ஆஸ்திரேலியாவின் ஒர்க் அண்ட் ஹாலிடே விசா, எண் 462. 2024 செப்டம்பரிலிருந்து இந்தியர்களுக்கும் தருகிறார்கள். வருடத்துக்கு 1,000 பேர்தான். வயது 18 முதல் 30. பிளஸ் டூவுக்குப் பிறகு குறைந்தது 2 ஆண்டு உயர்கல்வி படித்திருக்க வேண்டும், ஆங்கிலமும் ஓரளவு தெரிந்திருக்க வேண்டும். கையிருப்பாக 5,000 ஆஸ்திரேலிய டாலர் காட்ட வேண்டும், நம் பணத்தில் ஏறத்தாழ 3 லட்சம். முதலில் 25 டாலர் கட்டிக் குலுக்கலில் பெயர் பதிய வேண்டும். பெயர் விழுந்தால்தான் விசாவுக்கே விண்ணப்பிக்க முடியும். கிடைத்துவிட்டால் 12 மாதம் தங்கலாம். பொதுவாக ஒரே முதலாளியிடம் 6 மாதம் வரை வேலை பார்க்கலாம், 4 மாதம் வரை ஏதாவது படிக்கலாம். 2,300 கிலோமீட்டர் நீளும் கிரேட் பேரியர் ரீஃப் பவளப்பாறை அங்கேதான் இருக்கிறது. அவள் போட்ட பச்சைக்கோடு முடியும் இடமும் அதுதான்.

இரண்டாவது பிரிட்டனின் இந்திய இளம் தொழில்வல்லுநர் திட்டம். 2023-இல் தொடங்கியது. வருடத்துக்கு 3,000 இடம், இங்கும் குலுக்கல், பெயர் பதியக் கட்டணம் இல்லை. வயது அதே 18 முதல் 30. இதற்கு டிகிரி கட்டாயம். 2,530 பவுண்டு வங்கிக் கணக்கில் தொடர்ந்து 28 நாள் இருந்ததைக் காட்ட வேண்டும். விசாக் கட்டணம் போக, 2 வருடத்துக்கு மருத்துவக் கட்டணமாக மட்டும் 1,552 பவுண்டு முன்கூட்டியே கட்ட வேண்டும். இந்த இரண்டையும் சேர்த்தால் டிக்கெட் எடுக்கும் முன்பே 2 லட்சத்துக்கு மேல் போய்விடும். ஆனால் 2 வருடம் அங்கே இருந்து கிட்டத்தட்ட எந்த வேலையும் பார்க்கலாம்.

இரண்டுமே பிளஸ் டூவோடு நிற்கும் பிள்ளைக்குக் கிடைக்காது. அவளுக்கு இன்னும் 18 வயதே ஆகவில்லை. இந்த வருடம் போனால் டூரிஸ்ட் விசாவில்தான் போக வேண்டும், நாட்டுக்கு நாடு சில வாரங்கள், ஒரு ரூபாய் சம்பாதிக்க முடியாமல். முழுச் செலவும் அப்பாவின் பஹ்ரைன் சம்பளத்திலிருந்து வர வேண்டும். அதே ஆசையை நாலு வருடம் கழித்து எடுத்தால், 30 வயது வரை வருடாவருடம் குலுக்கலில் பெயர் போடலாம், போன இடத்தில் பாதிச் செலவை அவளே சம்பாதித்துக்கொள்ளலாம்.

ஜெர்மனியில் ‘ஓ பேர்’ என்று ஒன்று உண்டு, அதற்கு டிகிரி வேண்டாம். ஒரு குடும்பத்தோடு தங்கி, வாரம் 30 மணி நேரம் வரை குழந்தைகளைப் பார்த்துக்கொள்வது. தங்குமிடம், சாப்பாடு, மாதம் 280 யூரோ கைச்செலவு, மொழி வகுப்புக்கு மாதம் 70 யூரோ. 18 வயது ஆகியிருக்க வேண்டும், 27 ஆகியிருக்கக் கூடாது, ஏ1 எனப்படும் தொடக்கநிலை ஜெர்மன் வேண்டும், அதிகபட்சம் ஒரு வருடம். ஜெர்மன் படித்து அங்கேயே நர்சிங் பயிற்சிக்குப் போக நினைக்கும் பிள்ளைகளுக்கு இது நல்ல முன்னோட்டம். உங்கள் மகளுக்கு வேண்டியது கடல். அவளுக்கு இதைச் சொல்ல மாட்டேன்.

இன்னொன்றை அவள் செல்போனில் காட்டினாள்: ‘தன்னார்வமாக வேலை செய்யுங்கள், தங்குமிடமும் சாப்பாடும் இலவசம்’ என்ற விளம்பரம். சம்பளம் வாங்காவிட்டாலும் பல நாடுகளில் அது வேலைதான். டூரிஸ்ட் விசாவில் போய், விமான நிலையத்தில் ‘பண்ணையில் உதவி செய்யப் போகிறேன்’ என்று வெள்ளந்தியாகச் சொல்லி, அடுத்த விமானத்தில் திரும்பி வந்தவர்கள் உண்டு. பிரிட்டனில் டூரிஸ்டாகப் போனவர் பதிவு பெற்ற தொண்டு நிறுவனத்தில் மட்டும், அதுவும் மொத்தம் 30 நாள் வரை, தன்னார்வப் பணி செய்யலாம். ஒவ்வொரு நாட்டுக்கும் விதி வேறு. அந்தந்த அரசின் இணையதளத்தில் படிக்காமல் யார் பேச்சையும் நம்பக் கூடாது.

ஏஜென்ட் விஷயத்தில் எனக்கு ஒரு பழைய வருத்தம் உண்டு. ஆறேழு வருடத்துக்கு முன் தக்கலைப் பக்கத்துப் பையன் ஒருவன் என்னிடம் வந்து, ‘ஒரு வருடம் வேலையும் பார்த்து ஊரும் சுற்றலாம்’ என்று ஓர் ஏஜென்ட் கொடுத்த காகிதத்தைக் காட்டினான். எனக்குச் சந்தேகம் இருந்தது. ஆனால் அவன் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்து, ‘கொஞ்சம் விசாரிச்சுக்கோ தம்பி’ என்று மட்டும் சொல்லி அனுப்பிவிட்டேன். அவன் அம்மா வளையலை அடகு வைத்து ஒன்றே முக்கால் லட்சம் கட்டினார்கள். போய் இறங்கிய இடத்தில் வேலை இல்லை, விசா 30 நாள்தான். டிக்கெட் எடுத்து ஊர் திரும்பவும் வீட்டிலிருந்துதான் பணம் போனது. அன்றைக்கே உட்கார வைத்து அந்தக் காகிதத்தை வரி வரியாகப் படித்திருக்க வேண்டும். அதன் பிறகு ஏஜென்ட் பெயரை எடுத்தாலே நான் கடுமையாகத்தான் பேசுகிறேன்.

குலுக்கல் என்றால் குலுக்கல்தான். ‘ஆஸ்திரேலியா கன்ஃபார்ம்’ என்று சொல்பவர் பொய் சொல்கிறார். டூரிஸ்ட் விசாவில் கூட்டிப்போய் அங்கே வேலை விசாவாக மாற்றித் தருகிறேன் என்றால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை என்று நம்பிப் போனவர்களை எல்லை தாண்டி மியான்மருக்குக் கடத்தி, இணைய மோசடி செய்ய வைத்தார்கள். 2025 மார்ச்சில் விமானப்படை விமானங்களில் 500-க்கும் மேற்பட்ட இந்தியர்களை மீட்டு வர வேண்டியிருந்தது. வேலைக்கு ஆள் அனுப்பும் ஏஜென்ட் பதிவு பெற்றவரா என்று மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பார்க்கலாம். பாஸ்போர்ட்டை மட்டும் யார் கையிலும் ‘வச்சிருங்க’ என்று கொடுத்துவிடக் கூடாது.

‘இப்போதே போய்விட்டு வந்து காலேஜ் சேர்கிறேன்’ என்று அவள் கேட்டாளே, அதற்கும் பதில் வேண்டும். பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் பல பல்கலைக்கழகங்கள் இடத்தைக் கொடுத்துவிட்டு, ஒரு வருடம் கழித்து வந்து சேரவும் அனுமதிக்கும். நம் ஊர்க் கல்லூரிகளில் அந்த வழக்கம் இல்லை. அடுத்த வருடம் புதிதாக விண்ணப்பித்து, புதிய செட்டோடு போட்டி போட வேண்டும். ஏன் இடைவெளி என்று கேட்டு ஒரு சான்றும் வாங்குவார்கள். இதனால் எதிர்காலம் கெட்டுப்போகாது, உங்கள் சொந்தக்காரர்கள் பயமுறுத்தும் அளவுக்கு இதில் ஒன்றும் இல்லை. ஆனாலும் தேவையில்லாத அலைச்சல். ஐஐடி கனவு உள்ள வீடுகளுக்கு இங்கே ஒரு வார்த்தை: ஐஐடிக்கான ஜேஇஇ அட்வான்ஸ்டு நுழைவுத்தேர்வை, பிளஸ் டூ எழுதும் வருடமும் அதற்கு அடுத்த வருடமும்தான் எழுத முடியும். அங்கே ஒரு வருடம் என்பது பெரிய விலை.

சரி, இப்போது என்ன படிப்பது? தூத்துக்குடி மீன்வளக் கல்லூரியில் பி.எஃப்.எஸ்சி. என்னும் மீன்வள அறிவியல் டிகிரி, 4 வருடப் படிப்பு, என் முதல் விருப்பம் அதுதான். கட்-ஆஃப் எட்டாவிட்டால் நாகர்கோவிலிலேயே பி.எஸ்சி. விலங்கியல். மேற்படிப்புக்கு மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் கடல் அறிவியல் மையம் நம் ராஜாக்கமங்கலத்திலேயே இருக்கிறது. ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் நடுவில் மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவின் 21 தீவுகள், அவற்றைச் சுற்றிப் பவளப்பாறைகள். அவள் ஆஸ்திரேலியாவில் தேடுவதன் தங்கச்சி இங்கே பக்கத்தில் கிடக்கிறது. முதலில் இதைத் தெரிந்துகொண்டு போனால் அங்கே அவள் கேட்கும் கேள்விகளே வேறாக இருக்கும்.

கல்லூரி விடுமுறைகளில் ஸ்கூபா டைவிங். புதுச்சேரியிலோ அந்தமானிலோ ஓபன் வாட்டர் என்னும் முதல்நிலைச் சான்றிதழ் மூன்று நான்கு நாளில் முடியும், 18 மீட்டர் ஆழம் வரை இறங்கலாம். அதோடு நின்றுவிடாமல் வருடா வருடம் கொஞ்சம் முன்னேறினால், பாடி (PADI) என்னும் டைவிங் பயிற்சி அமைப்பின் டைவ்மாஸ்டர் நிலையை எட்டலாம், அதற்கு 60 டைவ் கணக்கில் இருக்க வேண்டும். அந்தச் சான்றிதழோடு 22 வயதில் ஆஸ்திரேலியாவில் இறங்குபவள் வெறும் சுற்றுலாப் பயணி அல்ல, படகில் வேலை கேட்கக்கூடியவள். நடுவில் ஒரு முறை நேபாளம் போய்வரட்டும், இந்தியர்களுக்கு அங்கே விசா வேண்டாம். தனியாகப் பையைத் தூக்கி, காசை எண்ணிச் செலவழித்து, உடம்பு முடியாவிட்டால் என்ன செய்வது என்று பழகட்டும்.

அப்புறம் பாஸ்போர்ட். அவசரப்பட வேண்டாம். 18 வயதுக்குள் எடுத்தால் பெற்றோர் இருவர் சம்மதமும் வேண்டும், அப்பா பஹ்ரைனில் இருப்பதால் அதற்குத் தனிக் காகிதம் அலைய வேண்டும். அக்டோபரில் 18 முடிந்ததும் அவளே விண்ணப்பிக்கலாம். அதற்குள் ஒரு வேலை: மஞ்சள் பையிலிருந்து நீங்கள் எடுத்துக் காட்டிய பத்தாம் வகுப்புச் சான்றிதழிலும் ஆதாரிலும் அவள் பெயரில் ஓர் எழுத்து மாறியிருக்கிறது. ஒன்றில் அப்பா பெயர் இனிஷியல், இன்னொன்றில் முழுப்பெயர். இதை இப்போதே சரிசெய்யுங்கள். விசா நேரத்தில் ஓர் எழுத்துக்காக அழுதுகொண்டு நின்ற பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். பணத்துக்கு, அவள் பெயரில் தனிக் கணக்கு தொடங்கி மாதம் 5,000 போட்டால் நாலு வருடத்தில் 2 லட்சத்து 40 ஆயிரம், வட்டி தனி. காட்ட வேண்டிய கையிருப்பில் பெரும்பகுதிக்குக் கடன் வாங்கும் நிலை வராது.

கோயிலில் கேட்டால் என்ன சொல்வது என்றீர்கள். “பிள்ளை கடல் படிப்பு படிக்கா, முடிச்சிட்டு ஆஸ்திரேலியா போவா” என்று சொல்லுங்கள். அது உண்மை.

இன்னொன்று, அன்றைக்கு நான் கேட்டது நினைவிருக்கும். “நீச்சல் தெரியுமா மக்களே?” என்றேன். தலையைக் குனிந்துகொண்டாள். வீட்டு வாசலில் கடல், அண்ணன்மார் இருவரும் மீன் மாதிரி நீந்துவார்கள், இவளை மட்டும் முழங்காலுக்கு மேல் தண்ணீரில் இறங்க விட்டதில்லை. அந்த ஓபன் வாட்டர் பயிற்சியில் 200 மீட்டர் நீந்திக் காட்ட வேண்டும், 10 நிமிடம் மிதந்து காட்ட வேண்டும். காலேஜ் திறக்க இன்னும் நாள் இருக்கிறது. பெண் பயிற்சியாளர் உள்ள நீச்சல் குளமாகப் பார்த்து இந்த வாரமே சேர்த்துவிடுங்கள். அடுத்த முறை வரும்போது நோட்டை மறக்காமல் கொண்டுவரச் சொல்லுங்கள், தாய்லாந்துக் கணக்கை மறுபடி பார்க்க வேண்டும்.