காயத்துக்குள் போன கதிரியக்கம் எத்தனை நாள் தங்கும்?

கதிரியக்கப் பாதுகாப்பில் பல வருஷம் வேலை பார்த்தவன் என்பதால், சேலத்து நண்பர்கள் கேட்டவற்றுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

அஸ்தம்பட்டி, செவிலியர்: சார், அயோடின்-131 என்ற கதிரியக்கப் பொருளுக்கு அரை ஆயுள், அதாவது சிதைந்து பாதியாகும் காலம், 8 நாள். ஊசி குத்திக் கையில் இறங்கிவிட்டால் பாதியாகக் குறைய 8 நாள் ஆகுமா?

ஆகாதும்மா. அணு தானாகச் சிதைவது ஒரு பக்கம், ரத்தம் அள்ளிக்கொண்டு போவது இன்னொரு பக்கம். ரத்தம் பாதியை எடுத்துப் போகவும் 8 நாள் என்று வைத்தாலே, 4 நாளில் காயத்தில் பாதிதான் மிஞ்சும். கரைந்த அயோடின் அதைவிட வேகமாகக் கிளம்பும். ஆனால் காயம் சுத்தமானதும் நிம்மதி அடையாதீர்கள். அந்த அயோடின் கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பியில் போய் உட்கார்ந்திருக்கும். அங்கேயும் அளக்க வேண்டும்.

ஏற்காடு, இயற்பியல் மாணவி: அப்படியானால் எல்லாவற்றுக்கும் ஒரே சமன்பாடு போதாதா?

போதாது. கொதிக்கிற தண்ணீரில் உப்பு, ஜவ்வரிசி, கூழாங்கல் மூன்றையும் போடுங்கள். உப்பு உடனே கரைந்துவிடும். நம்ம ஊர் ஜவ்வரிசி ஓரமெல்லாம் கண்ணாடியாகி, நடுவில் ஒரு வெள்ளைப் புள்ளி மட்டும் வெகுநேரம் நிற்கும். கல் அப்படியே கிடக்கும். காயமும் இப்படித்தான். அமெரிக்காவின் கதிரியக்கப் பாதுகாப்பு அமைப்பான என்சிஆர்பியின் 156ஆம் அறிக்கை, கரையும் பொருளைத் திசுவோடு ஒட்டும் பலத்தை வைத்து நான்காகப் பிரிக்கிறது. அப்புறம் கூழ்மம் (கரையாமல் திரவத்தில் மிதக்கும் மிக நுண்ணிய துணுக்குகள்), துகள், சில்லு என்று மூன்று. ஒவ்வொன்றுக்கும் தனி வேகம். அதனால்தான் காயத்தில் மிஞ்சுவதை நாள்வாரியாகக் காட்டும் வரைபடம் முதலில் செங்குத்தாக இறங்கி, பிறகு படுத்துவிடும். புளூட்டோனியம் கரைசலாகவே உள்ளே போனாலும், திசுவில் கூழ்மமாகத் திரண்டு ஒட்டிக்கொள்ளும். புளூட்டோனியம்-239 வகையின் அரை ஆயுள் சுமார் 24,100 ஆண்டு. சிதைந்து தீரும் என்று காத்திருக்கவே முடியாது.

செவ்வாய்பேட்டை, பழைய இரும்புக் கடை: 2010-ல் டெல்லி மாயாபுரியில் நடந்த மாதிரி நம்ம கடைக்கும் வந்தால், வெட்டுக்காயம் பட்டவன் என்ன செய்வது?

அண்ணா, மாயாபுரி பழைய இரும்புச் சந்தைக்குக் கோபால்ட்-60 என்ற கதிரியக்கப் பொருள் வந்து சேர்ந்த அந்த விபத்தில் ஒருவர் இறந்தார். அங்கே பெரிய பாதிப்பு வெளியிலிருந்து பட்ட கதிர்வீச்சால்தான். மூன்று இதழ் விசிறிக் குறி போட்ட எதையும் வெட்டாதீர்கள், விலகி நில்லுங்கள். காயம் பட்டிருந்தால் வெதுவெதுப்பான தண்ணீரை ஓடவிட்டுக் கழுவுங்கள், அழுத்தித் தேய்க்காதீர்கள். துடைத்த துணியைப் பையில் போட்டு வையுங்கள், அதையும் அளக்க வேண்டும். உயிருக்கு ஆபத்து என்றால் முதலில் அதைத்தான் பார்க்க வேண்டும், கதிரியக்கம் அப்புறம்.

அதே செவிலியர்: கதிரியக்க உலோகத்தைப் பிடித்துச் சிறுநீரில் வெளியேற்றும் டிடிபிஏ மருந்தைப் போட்டால் எல்லாம் வெளியே வந்துவிடுமா சார்?

புளூட்டோனியம், அதைப் போன்ற இன்னொரு கதிரியக்க உலோகமான அமெரிசியம் இரண்டுக்கும் நல்ல மருந்து. சீக்கிரம் கொடுப்பது முக்கியம். ஆனால் கரைந்து ரத்தத்துக்கு வருவதைத்தான் அது பிடிக்கும். கெட்டித் துகளை அசைக்காது, அதை அறுவை சிகிச்சை மருத்துவர்தான் எடுக்க வேண்டும். எடுப்பதற்கு முன்னும் பின்னும் ஒரே கருவியில், ஒரே தூரத்தில் அளந்து எழுதி வையுங்கள்.