சிறிய அலுவலகத்தில் வண்ண லேசர் அச்சு இயந்திரம் நீடித்து உழைக்குமா?

பினாங்கின் ஜார்ஜ்டவுனில் உள்ள உங்கள் கணக்காய்வு அலுவலகத்துக்கு வண்ண லேசர் அச்சு இயந்திரத்தை நம்பி வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வாங்கலாம், ஆனால் கறுப்பு வெள்ளை இயந்திரத்தைவிட அதில் தேயும் பாகங்கள் அதிகம். பெரும்பாலான இயந்திரங்களில் சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு ஆகிய நான்கு டோனர்களும் (நிறத்தூள்களும்) ஒரு பட்டையின் மீது ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து, பிறகு தாளுக்கு மாறி, ஏறத்தாழ 180 பாகை செல்சியஸ் வெப்பத்தில் உருகி ஒட்டுவதால், அந்தப் பட்டையும் வெப்ப உருளையும் காலப்போக்கில் தேய்ந்தே தீரும். எனவே அவை தனியாகக் கிடைக்குமா என்று விற்பவரிடம் முதலில் கேளுங்கள்.

பினாங்கில் இதைவிட நான் அஞ்சுவது ஈரப்பதத்தைத்தான். இரவில் குளிர்சாதனம் நின்றபின் திறந்து கிடக்கும் தாள் ஈரத்தை உறிஞ்சிச் சுருண்டு, மறுநாள் காலையில் இயந்திரத்துள் சிக்கிக்கொள்ளும்; நிறமும் திட்டுத்திட்டாக விழும். பாவம், பழி இயந்திரத்தின் மேல் விழுகிறது. மீதித் தாளை அதன் உறையிலேயே மூடி வையுங்கள்.