பலூன் முறுக்கி குடும்பம் நடத்த முடியுமா? – கேட்டவங்களுக்கு என் பதில்கள்

மதுரையில பதினாலு வருஷமா பலூன் முறுக்கிட்டு இருக்கேன். நாய்க்குட்டி, வாள், தொப்பி, பூ, தோள்ல உக்கார்ற குரங்கு, இதுதான் தொழில், வேற வேலை கிடையாது. வீட்டுக்காரம்மா மேடை அலங்காரம் பாக்குறாங்க. ரெண்டு பிள்ளைங்க. இந்தத் தொழிலைப் பத்தி என்ன வேணா கேளுங்கன்னு சொல்லியிருந்தேன். வந்ததுக்கெல்லாம் பதில் கீழே.

அண்ணே, காலேஜ் ரெண்டாவது வருஷம் படிக்கிறேன். சனி ஞாயிறு மட்டும் பண்ணலாம்னு ஆசை. என்ன வாங்கணும், எங்க தொடங்கணும்?

கடையில 260ன்னு கேளு தம்பி. ஊதினா 2 அங்குல குறுக்களவு, 60 அங்குல நீளம், அதைத்தான் அந்த நம்பர் சொல்லுது. 160ன்னு மெல்லிசா ஒண்ணு இருக்கு, அது பின்னால. கடைத்தெருவுல கிடைக்கிற மலிவு நீள பலூன் வேண்டாம். கத்துக்கும்போது வெடிச்சா தப்பு உன் கையா, பலூனான்னே தெரியாது. கொலம்பியாவுல இருந்து வர்ற செம்பர்டெக்ஸ் மாதிரி நல்ல சரக்கு ஒரு பாக்கெட், தள்ளினாலும் இழுத்தாலும் காத்தடிக்கிற கை பம்ப் ஒண்ணு. முதலீடு அவ்வளவுதான்.

முதல் ஒரு வாரம் நாய்க்குட்டி மட்டும். கடைசியில நாலு விரல் அகலம் காத்தில்லாம விட்டு ஊது. ஒவ்வொரு முறுக்குக்கும் காத்து முன்னால நகரும், அதுக்குப் போக இடம் வேணும்ல? முடிச்சுப் போடுறதுக்கு முன்னாடி துளிக் காத்தை வெளிய விடு, பலூன் இளகும். முடிச்சுப் பக்கத்துல இருந்து மூணு விரல் அளவுக்கு ஒரு குமிழ், அது மூக்கு. அதே அளவுல இன்னும் ரெண்டு, காதுங்க. முதல் குமிழைப் பிடிச்ச இடது கையை விடவே கூடாது, விட்டா எல்லாம் அவுந்துரும். முறுக்கு எல்லாம் ஒரே திசையில. காது ரெண்டையும் மடிச்சுச் சேர்த்து ஒரு முறுக்கு போட்டா முகம் நின்னுக்கும். கழுத்து, முன்னங்கால் ரெண்டு, உடம்பு, பின்னங்கால் ரெண்டு, எல்லாம் இதே கதைதான். மிச்சம் வால். கையைப் பாக்காம, எதிர்ல நிக்கிற குழந்தைகிட்ட பேசிக்கிட்டே ஒரு நிமிஷத்துல முடிக்க வந்துட்டா காசு கேக்கலாம்.

வாயால ஊதினா என்ன?

காதடைக்கும், தலை சுத்தும், கன்னம் வீங்கும். முப்பது குழந்தைங்க வரிசையில நிக்கும்போது எச்சில் பட்ட பலூனை எந்த அம்மாவும் விரும்ப மாட்டாங்க. பம்ப்தான்.

நாகர்கோவில்ல இருந்து. என் பொண்ணுக்கு ரெண்டு வயசு. பர்த்டேக்கு பலூன்காரரைக் கூப்பிடலாமா, பயமா இருக்கு.

கூப்பிடுங்க அக்கா, ஆனா பலூன் பாப்பா கையில இருக்க வேண்டாம், பெரியவங்க கையில இருக்கட்டும். ஆபத்து வெடிக்கிற சத்தத்துல இல்ல, வெடிச்ச துண்டுல இருக்கு. மெல்லிசு ரப்பர் தொண்டையில ஒட்டிக்கிட்டா எடுக்கிறது ரொம்பக் கஷ்டம். அமெரிக்காவுல விக்கிற பலூன் பாக்கெட்ல எட்டு வயசுக்குக் கீழ உள்ள பிள்ளைங்களுக்கு மூச்சடைக்கும் அபாயம்னு எச்சரிக்கை அச்சடிக்கணும்னே சட்டம் இருக்கு. நான் நிகழ்ச்சிக்கு ஒரு துணிப்பை கொண்டுபோவேன், வெடிச்ச ஒவ்வொண்ணும் உடனே அதுக்குள்ள போகும். உங்க ஆள் அதைப் பண்றாரான்னு பாருங்க. ரப்பர் அலர்ஜி உள்ள குழந்தை வருதான்னும் முன்கூட்டியே விசாரிங்க. உங்க மாவட்டத்துல ரப்பர் மரத்துல வடிக்கிறாங்களே, அந்தப் பால்லதான் இந்த பலூனும்.

ஒரு பலூனுக்கு இவ்வளவுன்னு வாங்கலாமா, மொத்தமாவா?

மணிக்கணக்கு. முதல் ரெண்டு வருஷம் நான் உருப்படிக்குக் காசு வாங்கினேன். வீட்டுக்காரங்க கூடவே நின்னு எண்ணுவாங்க, "இந்தப் பையன் ரெண்டாவது தடவை வர்றான், கொடுக்காதீங்க"ம்பாங்க. பையன் மூஞ்சியைப் பாக்கணுமே! இப்ப ரெண்டு மணி நேரத்துக்கு 3,500 ரூபாய், வெளியூர்னா வண்டிச் செலவு தனி. வரிசை மூட சரியான நேரம் முக்கியம். முடியுறதுக்கு இருபது நிமிஷம் முன்னாடி கடைசிக் குழந்தை தலையில ஒரு பலூன் தொப்பியை மாட்டிவிட்டு, "தொப்பிக்காரர்தான் கடைசி"ன்னு சொல்லிருவேன். அதுக்கப்புறம் யாரும் சேர மாட்டாங்க.

பாதி காசு அட்வான்ஸ், மீதி அன்னைக்கே. ஒரு ஈவென்ட் கம்பெனிக்கு மூணு மாசம் வாராவாரம் மால்ல நின்னேன். பேமென்ட் இன்னைக்கு நாளைக்குன்னு இழுத்து, கடைசியில ஃபோனையே எடுக்கல. அந்த வருஷம் பையனோட ஸ்கூல் பீஸுக்கு மாமனார்கிட்ட கை நீட்டினேன்.

அண்ணே, இந்த வேலைக்குப் பொண்ணு தர மாட்டேங்கிறாங்க.

தெரியும்யா. எனக்கும் "மாப்பிள்ளை என்ன பண்றார்"னு கேட்டப்ப எங்கம்மா "அலங்கார கான்ட்ராக்ட்"னு சொல்லிட்டாங்க. நான் அங்கேயே திருத்தினேன். மூணு இடம் அதோட போச்சு. நாலாவதா இப்ப மாமனாரா இருக்கிறவரு, பில் புத்தகத்தைக் கேட்டார். காமிச்சேன். ஒவ்வொரு பக்கமா புரட்டி, ஆவணியில இவ்வளவு, ஐப்பசியில ஏன் கம்மின்னு கேள்வி மேல கேள்வி. மளிகைக் கடைக்காரர்ல, கணக்கு புரியுற மனுஷன். வேலையோட பேரை அவருக்குப் புரியவைக்கவே தேவைப்படல. அதனால தம்பி, முதல்ல பில் போடு. உத்யம்னு சிறு தொழிலுக்கான அரசுப் பதிவு இருக்கு, அதைப் பண்ணிக்க, அரசு தளத்துல காசே கிடையாது, பணம் கேக்குற தளம்னா நம்பாதே. நம்மள மாதிரி சேவைத் தொழிலுக்கு வருஷ வரவு 20 லட்சத்தைத் தாண்டினாத்தான் ஜிஎஸ்டி பதிவு. நான் அந்தப் பக்கமே போனதில்ல.

வீட்டுக்காரர் பலூன் ஆர்ட்டிஸ்ட். எந்த ஞாயித்துக்கிழமையும் வீட்ல இல்ல. சொந்தக்காரங்க விசேஷம் எதுக்கும் நான் தனியாத்தான் போறேன். நீங்க எப்படிச் சமாளிக்கிறீங்க?

தங்கச்சி, நான் சமாளிச்சேன்னு சொன்னா என் வீட்ல சிரிப்பாங்க. மச்சினன் கல்யாண ரிசப்ஷனுக்கு ஒன்பதரைக்குப் போய்ச் சேர்ந்து, பந்தியில கடைசியா உக்காந்தவன் நான். நாங்க பண்ணினது ஒண்ணே ஒண்ணு: செவ்வாய்க்கிழமை எங்க வீட்டு ஞாயிறு. அன்னைக்கு யார் கூப்பிட்டாலும் புக்கிங் இல்ல. பிள்ளைங்க ஸ்கூல் விட்டு வந்ததும் நாலு பேரும் வெளிய கிளம்புவோம், கறிக்குழம்பும் அன்னைக்குத்தான். அப்புறம், நாலு பேர் பிறந்தநாளும் கல்யாண நாளும் ஜனவரியிலேயே காலண்டர்ல சிவப்பு மையில வட்டம் போட்டுருவோம். அஞ்சு தேதி. நூறு விசேஷத்துக்குப் போறவன் அஞ்சை விட்டா குடி முழுகாது.

இன்னொண்ணு சொல்றேன். என் பொண்ணுக்கு பலூனே பிடிக்காது. அந்தக் கிரீச் சத்தம் கேட்டாலே காதைப் பொத்திக்கிட்டு மாடிக்குப் போயிரும். அதனால வீட்ல பயிற்சி கிடையாது, புது உருவம் கத்துக்கணும்னா ஷெட்லதான். அவ பிறந்தநாளுக்கு வண்ணக் காகிதம் மட்டும்.

வேலை இல்லாத மாசம் எது?

ஆடியில கல்யாணம்தான் நிக்கும், குழந்தைங்க பிறந்தநாள் நிக்காது. எனக்கு அடி விழுறது பரீட்சை நேரம், பிப்ரவரி கடைசியில இருந்து மார்ச் முழுக்க. நவம்பர் 14 வாரம் ஸ்கூல் ஆர்டர் குவியும். அதுல வர்றதை அப்படியே தனிக் கணக்குல போட்டு மார்ச்சுக்கு எடுக்கிறோம்.

சென்னை பீச்ல நாலு மணிக்கு பார்ட்டி. எல்லாம் பட்டுப் பட்டுன்னு வெடிச்சிருச்சு, என்ன தப்பு?

வெயில். சூட்டுல உள்ள காத்து விரியும், கறுப்பு, கருநீலம் முதல்ல போகும். வெளிர் நிறமா எடுத்துக்கிட்டு கொஞ்சம் இளக்கமா ஊதுங்க, நிழல் இல்லாம ஒத்துக்காதீங்க. ஊதாத பாக்கெட்டையும் வண்டி டிக்கியில வெக்காதீங்க, ரப்பர் கெட்டுரும். புல்தரையும் எதிரிதான், முனை ஊசி மாதிரி குத்தும்.

மிதக்குற மாதிரி கேஸ் அடிச்சுத் தருவீங்களான்னு கேக்குறாங்க.

ஹீலியம் விலை கட்டுபடியாகாது. மலிவுன்னு ஹைட்ரஜன் பக்கம் போகவே போகாதீங்க, அது தீப்பிடிக்கிற வாயு. நம்ம நிக்கிற இடத்துல கேக் மேல மெழுகுவத்தி எரிஞ்சுக்கிட்டு இருக்கும்.

மாமா, நீங்க தந்த நாய் காலையில சின்னதாயிடுச்சு. ஏன்? (அம்மா ஃபோன்ல இருந்து, மூணாவது படிக்கிற பையன்)

ரப்பர்ல கண்ணுக்குத் தெரியாத ஓட்டை நிறைய இருக்குடா கண்ணா, ராத்திரி பூரா காத்து அது வழியா கசியும். ஜன்னல் பக்கம் வெயில்ல வெக்காதே, இன்னும் ரெண்டு நாள் கூட இருக்கும். ரொம்பச் சுருங்கிட்டா அம்மாகிட்ட கொடுத்துரு, வாயில வெக்காதே.