அமெரிக்கச் சைகைமொழி விடுதியில் சேர எவ்வளவு தெரிந்திருக்க வேண்டும்?

பேசாமல் கைகளால் மட்டுமே பழகும் பல்கலைக்கழக விடுதியில் தாக்குப்பிடிக்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக முடியும். 26 விரலெழுத்துகளும், அதாவது ஆங்கில எழுத்துகளைக் குறிக்கும் கை வடிவங்களும், அன்றாடச் சைகைகளும் கைவசம் இருந்தால் தொடங்கப் போதும்.

பெரும்பாலும் சமையலறை, கூடம் போன்ற பொது இடங்களில் குரலுக்கு இடமில்லை. தொலைபேசிப் பேச்சை அறைக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

பலர் தடுமாறுவது முகத்தில்தான். ஆம், இல்லை என்று பதில் வரும் கேள்விக்குப் புருவம் உயர வேண்டும். யார், எங்கே என்றால் புருவம் சுருங்க வேண்டும். கை சரியாக இருந்தும் முகம் அசையாவிட்டால் கேள்வி வெறும் வாக்கியமாகிவிடும். விரலெழுத்து காட்டும்போது கையைக் குலுக்காதீர்கள், படிக்க முடியாது.

ஒருவரைக் கூப்பிட தோளை மெல்லத் தட்டுங்கள், அல்லது விளக்கை ஓரிரு முறை அணைத்துப் போடுங்கள். ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தால் எதிர்வெளிச்சத்தில் உங்கள் முகம் தெரியாது. இருவர் உரையாடும்போது நடுவே போக வேண்டுமானால் நிற்காமல் கடந்துவிடுங்கள். நின்று மன்னிப்புக் கேட்பதுதான் உண்மையான இடைஞ்சல்.

காது கேளாத நண்பர் அருகில் இருக்கும்போது மற்றவரிடம் வாயால் கிசுகிசுக்கவே கூடாது. அது அவரை வெளியே தள்ளுவது. தொடக்கத்தில் மாலையானால் கண் சோர்ந்துவிடும். சற்று நேரம் கண்ணை மூடி இருந்துவிட்டுத் திரும்பி வாருங்கள்.